பழைய ஜீப்பில் ஆயில் ஒழுகல்: புதிதாக ஸ்பேனர் பிடிப்பவர்களின் கேள்விகள்

1940-களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பைக் கையில் எடுத்த மகிந்திரா, பிறகு சிஜே3பி, 1980-களில் பியூஜோ டீசல் எஞ்சினோடு எம்எம்540 என்று வரிசையாகக் கொண்டுவந்தது. எஞ்சின் மாறியதே தவிர அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை: முன்னும் பின்னும் திட ஆக்ஸில், நடுவில் எஞ்சின் விசையை இரண்டு ஆக்ஸிலுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். எஸ்டேட் மண்பாதைகளில் இன்றும் ஓடுகிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் உழைப்பு தெரியும்.

அப்படி ஒரு வண்டியை ஆசைக்கு வாங்கி, மறுநாள் காலையில் அடியில் கறுப்பு வட்டத்தைப் பார்த்து மிரண்டவர்களுக்காக இந்தப் பக்கம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சீல் (சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வாங்கக் கடைக்குப் போவது கடைசி வேலை. ஆயில் எங்கிருந்து வருகிறது, அதை எது வெளியே தள்ளுகிறது என்ற இரண்டும் தெரியாமல் மாற்றிய சீல் மறுபடியும் ஒழுகும்.

"ஜீப்புன்னா ஒழுகத்தான் செய்யும், ஒழுகலைன்னா உள்ளே ஆயில் இல்லைன்னு அர்த்தம்" என்கிறார்களே. அப்படியே விட்டுவிடலாமா?

சிலவற்றை விடலாம். எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவர் ஓரத்தில் தூசி ஒட்டிப் பிசுபிசுப்பாக இருந்தால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள், ஒன்றும் ஆகாது.

விடக் கூடாத இடங்கள் நான்கு. பின் சக்கரத்துக்குள் இறங்கி பிரேக் ஷூவை நனைப்பது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும் ஹேண்ட்பிரேக் டிரம்முக்குள் போவது. கிளட்ச் தட்டில் படுவது. சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் சொட்டுவது. முதல் இரண்டும் வண்டி நிற்காமல் போவதற்கு வழி. கடைசியானது தீக்கு வழி. இந்த நான்கில் ஒன்று இருந்தால், மற்றதை எல்லாம் ஒதுக்கிவிட்டு அதை முதலில் பாருங்கள்.

அளவும் முக்கியம். நிமிடத்துக்கு ஒரு சொட்டுதானே என்று தோன்றும். ஒரு மில்லிக்கு 20 முதல் 40 சொட்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 1,440 சொட்டு என்பது 36 முதல் 72 மில்லி. மாதத்துக்கு ஒன்று, இரண்டு லிட்டர் போய்விடும். எஞ்சினில் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே இருப்பதே பெரும்பாலும் ஒரு லிட்டர் அளவுதான்.

இன்னொன்று, நம் வண்டியைத் தாண்டியது. மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் நாம் விட்டுப்போகும் ஆயில் மேல் முதல் தூறல் விழுந்தால், பின்னால் பைக்கில் வருபவர்தான் விழுவார்.

கீழே கிடப்பது எந்த ஆயில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரவு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அடியில் பிரித்த அட்டைப்பெட்டிகளைப் பரப்புங்கள். முன் சக்கரம், பின் சக்கரம் எங்கே என்று பேனாவால் அட்டையிலேயே குறித்துவிடுங்கள். காலையில் அதுவே வரைபடம்.

டீசல் எஞ்சின் ஆயில் கன்னங்கரேல் என்று, விரலில் வழுக்கும். கியர் ஆயில் கெட்டி; பழுப்பாகவோ தேன் நிறத்திலோ இருக்கும்; மூக்கருகே கொண்டுபோனால் கந்தக வாடை குப்பென்று அடிக்கும். ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. டீசல் மெலிதாகப் பரவி, வாசனையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஃபீட் பம்ப், ரிட்டர்ன் பைப்களில் கசியும் டீசல் எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் பழைய அழுக்கைக் கரைத்துக்கொண்டு கறுப்பாகச் சொட்டும். அதை ஆயில் என்று நினைத்து எஞ்சின் பேக்கிங் (இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் வைக்கும் அடைப்பு) மாற்றியவர்கள் உண்டு.

சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் அது கியர் ஆயிலா, பிரேக் ஆயிலா என்று பார்க்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விடுங்கள். கியர் ஆயில் மிதக்கும். பிரேக் ஆயில் கரைந்துவிடும். பிரேக் ஆயில் என்றால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

அடிப்பகுதி முழுக்கவே ஆயிலாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

கழுவுவதில். இதைத் தவிர்த்துவிட்டுக் கண்டுபிடிக்கவே முடியாது. பல வருட அழுக்கை முதலில் ஸ்க்ரேப்பரால் வழித்துவிட்டு, டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டு பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள். வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் பிரீதர், ஆல்டர்னேட்டர், ஏர் கிளீனர் வாய் மூன்றையும் பாலித்தீன் சுற்றி மூடச் சொல்லுங்கள்.

நன்றாகக் காய்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, பத்து கிலோமீட்டர் போல் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் ஈரக்கோடு ஓடியிருக்கும். கோட்டை மேலே மேலே தொடருங்கள். ஆயில் கீழே இறங்கும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் ஈரத்தின் மிக உயரமான, மிக முன்னால் இருக்கும் புள்ளிதான் குற்றவாளி. சேம்பர் (எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) ஒழுகுகிறது என்று நினைத்த பல வண்டிகளில் உண்மையில் ஒழுகுவது டேப்பட் கவரின் பின் மூலை.

பவுடரில் பிடிபடாத மெல்லிய கசிவுக்கு, ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் புற ஊதா டார்ச்சும் கிடைக்கின்றன. கள்ள நோட்டு பார்க்கும் சிறிய டார்ச்சே போதும்.

கண்டுபிடித்துவிட்டேன். இனி சீல் மாற்றலாமா?

இன்னும் இல்லை. முதலில் அளவு. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி இருந்தால், கூடுதலை வடித்துவிட்டு இன்னொரு வாரம் ஓட்டிப் பாருங்கள். டீசல் எஞ்சினில் ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தால் உள்ளே டீசல் கலக்கிறது என்று அர்த்தம். அது கசிவை விடப் பெரிய வியாதி. ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு கிரவுன் ஹவுசிங் (ஆக்ஸிலின் பல்சக்கரப் பெட்டி) எல்லாவற்றிலும் பக்கவாட்டில் ஃபில்லர் பிளக் இருக்கும். வண்டி சமமாக நிற்கும்போது அதைக் கழற்றினால், துளையின் கீழ் விளிம்புவரை ஆயில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. வடிக்கும் பிளக்கைத் திறக்கும் முன்பு ஃபில்லர் பிளக் கழலுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். வடித்த பிறகு மேல் பிளக் துருவில் இறுகிக் கிடப்பது தெரிந்தால் வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும்.

அளவு சரியென்றால் அடுத்து பிரீதர்.

பிரீதரா? அது என்ன?

ஆக்ஸில் குழாயின் மேல் சுண்டுவிரல் நுனி அளவில், மூடி போட்ட சிறிய பித்தளை அல்லது இரும்பு உறுப்பு. உள்ளே இருக்கும் காற்று மூச்சுவிடும் வழி. சேற்றில் ஓடும் வண்டியில் இது மண்ணடைத்துக் கிடக்கும். மேலே பெயின்ட் அடித்து மூடியே விட்டிருப்பார்கள். பழைய ஜீப் வாங்கியவர் எவரும் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது இதைக் கழற்றிக் கழுவுவது. செலவு ஒன்றுமில்லை.

அடைத்தால் என்ன ஆகும்? காலையில் 30 டிகிரியில் இருந்த ஆக்ஸில் மேடேறி 80 டிகிரிக்கு வந்தால், உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும். ஆயில் சீலின் உதடு அழுத்தத்தைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. தெறிக்கும் ஆயிலைத் தடுத்து நிறுத்த மட்டுமே அது தெரியும். கூடுதல் காற்று வழி தேடும்போது எளிய வழி அந்த உதடுதான். போகும்போது ஆயிலையும் கூட்டிக்கொண்டு போகும்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். சூடான ஆக்ஸிலோடு ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பிளக்கைத் திறந்தால் ஆயில் பால் காபி நிறத்தில் வரும். அதில் ஓட்டினால் பேரிங் போய்விடும். ஓடை தாண்டும் வழக்கம் இருப்பவர்கள் பிரீதரின் இடத்தில் ஒரு நிப்பிள் போட்டு, ரப்பர் டியூப்பை பானட்டுக்குள் உயரத்தில் ஏற்றிக் கட்டிவிடுவது நல்லது. டியூப் நுனியைக் கீழ்நோக்கி வளைத்து, ஒரு சின்ன ஃபில்டர் மாட்டினால் போதும்.

பிரீதரைச் சுத்தம் செய்ததும் பினியன் சீல் (புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆக்ஸிலோடு சேரும் இடத்தில் இருப்பது), பின் ஹப் கசிவு இரண்டும் தானாகக் குறைந்துவிடுவது உண்டு. அதனால்தான் சீல் வாங்க அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

எஞ்சினுக்கும் இப்படி உண்டா?

உண்டு. பிஸ்டன் ரிங் ஓரமாக நழுவும் எரிவாயு கிராங்க் கேஸுக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். அது வெளியேற ஒரு குழாய் இருக்கிறது. அந்தக் குழாய் அடைத்தாலும், ரிங் தேய்ந்து வாயு அளவுக்கு மீறினாலும், எஞ்சினின் எல்லா மூலைகளிலும் ஒரே நேரத்தில் கசியும். நான்கைந்து இடத்தில் ஒன்றாக ஒழுகினால் நான்கைந்து பேக்கிங் ஒரே வாரத்தில் செத்துப்போனதாக நினைக்காதீர்கள்; அழுத்தத்தைச் சந்தேகப்படுங்கள்.

எஞ்சின் சூடானதும் ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வந்தால் சரி. புகை குபுகுபுவென்று தள்ளினால், குழாயைச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் ரிங் வேலை. அந்த நிலையில் எந்த பேக்கிங் மாற்றினாலும் காசு வீண். சிஜே3பி போன்ற பழைய ஜீப்களின் பெட்ரோல் ஹரிக்கேன் எஞ்சினில் இந்த வாயுவை உறிஞ்சி இன்டேக்குக்கே அனுப்பும் வால்வு உண்டு. அதைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினால் பாதி வேலை முடிந்தது.

டேப்பட் கவர் பேக்கிங் நானே மாற்றலாமா?

புதியவர் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. கவரைக் கழற்றுவதற்கு முன் சுற்றிலும் துடைத்துவிடுங்கள், மண் உள்ளே விழக் கூடாது. பழைய கார்க் பேக்கிங்கை மழுங்கிய ஸ்க்ரேப்பரால் எடுங்கள். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அதுவே அடுத்த கசிவு. தகரக் கவராக இருந்தால், யாரோ ஒருவர் இறுக்கி இறுக்கி போல்ட் துளைகளைச் சுற்றிக் குழி விழுந்திருக்கும். தட்டையான மரக்கட்டையின் மேல் கவிழ்த்து, சிறிய சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தாமல் புது பேக்கிங் போட்டுப் பயனில்லை.

இறுக்கம்: கார்க் நசுங்கிப் பிதுங்கும் அளவுக்கு வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பைப் போடாமல், மணிக்கட்டு பலத்தில் மட்டும், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மாற்றி மாற்றி. ஒருநாள் ஓடிய பிறகு ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

ஹரிக்கேன் எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால் பக்கவாட்டிலும் ஒரு வால்வு கவர் உண்டு. மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. அதன் போல்ட்டுகளுக்குக் கீழே இருக்கும் செப்பு வாஷர்களையும் பாருங்கள்.

சேம்பர், ஆயில் வடிக்கும் ட்ரெயின் பிளக்?

சேம்பரும் டேப்பட் கவர் போலத்தான், தலைகீழாகப் படுத்துக்கொண்டு செய்ய வேண்டும், அவ்வளவே வித்தியாசம். பிளக்கின் செப்பு வாஷர் பழகிக் கெட்டிப்பட்டிருந்தால், கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், மறுபடி மென்மையாகிவிடும். மரை தேய்ந்த பிளக்கில் டெஃப்லான் டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள், லேத்தில் கொடுத்துப் பெரிய மரை போடுங்கள்.

எஞ்சினில் வேறு எங்கே பார்க்க வேண்டும்?

ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையம்: பழைய வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதை மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கும். ஆயில் பிரஷர் சுவிட்ச், மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாய் இரண்டும் அழுத்தத்தில் இருப்பவை. சிறு விரிசல் என்றாலும் வேகமாகக் காலியாக்கும். சில டீசல் ஜீப்களில் ஆல்டர்னேட்டரின் முதுகில் வேக்குவம் பம்ப் இருக்கிறது. அதற்கு எஞ்சின் ஆயில் போய்வரும் ஹோஸ்கள் காய்ந்து வெடிக்கும். ஹோஸ் விலை குறைவு. விட்டால் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து போகும்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அடியில் இருக்கும் சின்னத் துளையிலிருந்து சொட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

அந்தத் துளை உள்ளே சேர்ந்த ஆயில் வெளியேறத்தான் இருக்கிறது. அதை ஒருபோதும் அடைக்காதீர்கள். அடைத்தால் ஆயில் கிளட்ச்சுக்குப் போகும்.

சொட்டுவதை முகர்ந்து பாருங்கள். கறுத்த எஞ்சின் ஆயில் என்றால் கிராங்க்கின் பின் சீல். கந்தக வாடை என்றால் கியர்பாக்ஸின் முன் பக்கம். இரண்டுக்கும் கியர்பாக்ஸை டிரான்ஸ்ஃபர் கேஸோடு இறக்க வேண்டும். இரண்டு பேர் பிடித்தாலும் திணறும் எடை. புதியவர் தனியாகத் தொட வேண்டிய வேலை இல்லை. ஹரிக்கேனில் அந்தக் காலத்துக் கயிறு சீல். அது லேசாகக் கசிவது இயல்பு.

என் யோசனை: கிளட்ச் நழுவவில்லை, வாரத்துக்கு ஒரு கால் லிட்டருக்குள்தான் ஊற்றுகிறீர்கள் என்றால் அப்படியே ஓட்டுங்கள். என்றைக்காவது கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸ் இறங்கும். அன்று பின் சீல், கியர்பாக்ஸ் முன் சீல் இரண்டையும் சேர்த்து முடித்துவிடுங்கள். இதே பெல் ஹவுசிங்கில் டேப்பட் கவரின் பின்பக்க ஆயிலும் வழிந்து வந்து சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கியர்பாக்ஸில் ஊற்றுகிறேன், குறைகிறது. ஆனால் வெளியே ஒழுகவே இல்லை!

பழைய மூன்று கியர் டி-90 பெட்டியும் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸும் முதுகோடு முதுகாகப் பூட்டப்பட்டவை. கியர்பாக்ஸின் தண்டு டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நேராக நுழைகிறது. நடுவில் தடுப்பு தேய்ந்தால் ஆயில் முன்னிருந்து பின்னுக்குப் போய்ச் சேரும். கியர்பாக்ஸ் காய்கிறது, டிரான்ஸ்ஃபர் கேஸ் நிரம்பி வழிகிறது. நாம் டிரான்ஸ்ஃபர் கேஸ் சீலைத் திட்டிக்கொண்டிருப்போம்.

சோதனை எளிது. இரண்டு ஃபில்லர் பிளக்கையும் ஒரே நேரத்தில் திறங்கள். பின்னால் ஆயில் கொட்டி, முன்னால் விரல் விட்டாலும் எட்டவில்லை என்றால் இதுதான். நிரந்தரத் தீர்வுக்கு இரண்டையும் பிரித்து நடுவில் சீல் வைத்த பேரிங்கோ தடுப்போ போட வேண்டும். அதுவரை மாதம் ஒருமுறை இரண்டின் அளவையும் சரிசெய்துகொண்டு ஓட்டலாம். இரண்டிலும் ஒரே ஆயிலாக ஊற்றுங்கள், எப்படியும் கலக்கத்தானே போகிறது.

அப்படியானால் எந்த ஆயில் ஊற்றுவது?

80டபிள்யூ-90 தடிமன் பொருந்தும். டப்பாவில் போட்டிருக்கும் தரம் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4, கிரவுனுக்கு ஜிஎல்-5. டி-90-யின் சின்க்ரோ வளையங்கள் பித்தளை. ஜிஎல்-5-இல் அதிகமாக இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளைக்கு ஒத்துவராது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் பின் சீல் மாற்றியும் ஹேண்ட்பிரேக் டிரம் நனைகிறதே?

சீலைத் தவிர இன்னொரு வழி இருக்கிறது: தண்டின் பற்களுக்கும், புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் யோக்கின் பற்களுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு. ஆயில் அது வழியாக நட்டுவரை வந்து, வாஷருக்கு அடியில் கசியும். நட்டைக் கழற்றி, பற்களையும் வாஷர் உட்காரும் முகத்தையும் பெட்ரோலில் துடைத்து, கொஞ்சம் சீலன்ட் தடவி மறுபடி இறுக்குங்கள். கியர் மாற்றும் கம்பிகள் நுழையும் இரண்டு சிறு சீல்களும் இடைத்தண்டைப் பிடித்திருக்கும் பூட்டுத் தகடும் கசியும் இடங்கள்தாம்.

ஆயில் குடித்த ஷூவை பெட்ரோலில் கழுவி, நெருப்பில் வாட்டிப் பழையபடி மாட்டும் பழக்கம் உண்டு. செய்யாதீர்கள். சூடானதும் உள்ளே ஊறியது வெளியே வரும். லைனிங் மாற்றுங்கள்.

முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய உருண்டையில் கறுப்பாக வழிகிறது.

உருண்டைக்குள் கெட்டியான கிரீஸ் இருக்க வேண்டும். வழிவது கெட்டியாக இருந்தால் வெளிச்சீல் தேய்ந்திருக்கிறது. பழைய ஜீப்பில் அது இரண்டு பாதியாக வருவதால், சக்கரத்தைப் பிரிக்காமலே பின்பக்க போல்ட்டுகளைக் கழற்றி மாற்றிவிடலாம். மாட்டும் முன் உருண்டையின் முகத்தில் துரு, பள்ளம் இருந்தால் நைஸ் எமரி தாளில் தேய்த்து வழவழப்பாக்குங்கள். இல்லையென்றால் புது சீல் ஒரே மழைக்காலத்தில் கிழியும்.

வழிவது தண்ணியாக, கியர் ஆயில் வாடையோடு இருந்தால் ஆக்ஸில் குழாய்க்குள் இருக்கும் உள் சீல் போய், கிரவுன் ஆயில் கிரீஸைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அதற்கு ஆக்ஸில் தண்டை உருவ வேண்டும். ஆனால் அதற்கு முன், முன் ஆக்ஸிலின் பிரீதரைப் பார்த்தீர்களா?

பின் ஹப் சீலுக்கு என்னென்ன தேவை?

ஹப் புல்லர். பல பழைய ஜீப்களில் ஹப் கூம்பான தண்டு முனையில் இறுகி உட்கார்ந்திருக்கும். பெரிய சுத்தியலால் அடித்து எடுத்தால் அந்த அடி பேரிங்கில் இறங்கும். புல்லர் இல்லையென்றால் வாடகைக்கு வாங்குங்கள். உள்ளே மெல்லிய ஷிம் தகடுகள் வரும்; எந்தப் பக்கத்தில் எத்தனை என்று குறித்து, அதே பக்கத்தில் அதே எண்ணிக்கையில் போடுங்கள். அவைதான் தண்டின் ஆட்டத்தைத் தீர்மானிப்பவை.

சீல் வாங்கும்போது கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

வண்டிப் பெயரைச் சொல்லாதீர்கள். பழைய சீலைக் கையில் கொண்டுபோங்கள். நாற்பது வருட வண்டியில் யார் எந்த ஆக்ஸிலை மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும். சீல் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண்கள் இருக்கும். அழிந்திருந்தால் வெர்னியரால் அளக்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வில்லிஸ் வழிவந்த ஆக்ஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அங்குல அளவில் செய்யப்பட்டவை. பியூஜோ எஞ்சின் மில்லிமீட்டர். அதனால் சீலிலும் சரி, ஸ்பேனரிலும் சரி, இரண்டு கணக்கும் வேண்டும். "கிட்டத்தட்ட இதே சைஸ்தான் சார், தட்டினா உள்ளே போயிடும்" என்று கடைக்காரர் நீட்டும் மில்லிமீட்டர் சீலை வாங்க வேண்டாம். சென்னையில் ஜி.பி. ரோட்டில் தேடினால் சரியானது கிடைக்கும். பழைய யோக், ஹப் போன்றவற்றுக்குப் புதுப்பேட்டை.

சாதாரணக் கறுப்பு நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி வரை தாங்கும்; ஆக்ஸிலுக்கு அது போதும். எஞ்சின் கிராங்க் போன்ற சூடான இடத்துக்கு விட்டான் ரப்பர் கேளுங்கள், விலை கூடுதல்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது?

பழையதை எடுக்கும் முன், அது எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போனில் படம் எடுங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் முதல் கிலோமீட்டரிலேயே ஊற்றும்.

அடுத்து, சீல் உதடு உரசும் இடத்தை நகத்தால் வருடுங்கள். நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீல் பயன்படாது. புதியவர்கள் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான்: சீல் மேல் சந்தேகப்பட்டு மாற்றி மாற்றிப் போடுவார்கள், குற்றம் யோக்கில் இருக்கும். மூன்று வழி உண்டு. சீலை ஓரிரு மில்லிமீட்டர் ஆழம் கூட்டியோ குறைத்தோ உட்காரவைத்து உதடு புது இடத்தில் படும்படி செய்யலாம். மெல்லிய எஃகு ஸ்லீவ் கிடைத்தால் மேலே ஏற்றலாம். லேத்தில் கொடுத்து வெல்டு நிரப்பி, கடைந்து, பாலிஷ் போடலாம்.

உதட்டில் ஆயில் தடவாமல் மாட்டக் கூடாது. காய்ந்த ரப்பர் முதல் நிமிடத்திலேயே கருகும். ஸ்பிரிங்கைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் அப்பினால் தட்டும்போது அது துள்ளி விழாது. தண்டின் பற்கள் உதட்டைக் கிழிக்காமல் இருக்க அவற்றின் மேல் டேப் சுற்றுங்கள். சீலின் வெளி விளிம்புக்குச் சமமான சாக்கெட் அல்லது பைப் துண்டை வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். கோணிக்கொண்டால் நிறுத்தி, எடுத்து, மறுபடி ஆரம்பியுங்கள்.

பினியன் சீல் என்றால் கூடுதலாக ஒன்று: நட்டு, தண்டு, யோக் மூன்றிலும் சேர்த்து ஒரு பொட்டு குத்திக்கொள்ளுங்கள். மாட்டும்போது அதே இடத்துக்கு வர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அனபாண்ட் சீலன்ட் அப்பிவிட்டால்?

சிலிகான் சீலன்ட் நல்ல பொருள்தான். அளவு தெரியாத கையில் கெட்டது. வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அந்த வால் அறுந்து சேம்பரில் விழுந்து ஆயில் பம்ப்பின் வலையை அடைத்தால் எஞ்சினே போகும். இரண்டு முகத்தையும் தின்னர் போட்டு எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, தீக்குச்சித் தடிமனில் ஒரே கோடு, போல்ட் துளையின் உள்பக்கமாக. ஒரு நாள் காய விட்டு ஆயில் ஊற்றுங்கள். கார்க் பேக்கிங்குக்கு வேண்டாம், வழுக்கிக்கொண்டு நகர்ந்துவிடும். ஒழுகும் இடத்தின் மேல் வெளியிலிருந்து பூசுவதால் எதுவும் நிற்காது.

ஒழுகலை நிறுத்தும் திரவம் என்று டப்பாவில் விற்கிறார்களே?

கெட்டிப்பட்ட ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும். சில நாள் குறையும். பேக்கிங் கிழிந்ததற்கும் தண்டு தேய்ந்ததற்கும் ஒன்றும் செய்யாது. விற்கப்போகிறவர்கள் ஊற்றுவது அதிகம் என்பதால், வாங்கப்போகிறவர்கள் கவனிக்கவும்.

அடியில் படுத்து வேலை செய்யப் பயமாக இருக்கிறது.

பயம் நல்லது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஒரு நிமிட வேலைக்கும்கூட. சிமென்ட் தரையில், சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, ஆக்ஸிலுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வைத்து, வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்த பிறகு உள்ளே போங்கள். ஹேண்ட்பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருப்பதால், புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் அது சக்கரத்தைப் பிடிக்காது. இது பலருக்கு வண்டி உருளும்போதுதான் ஞாபகம் வரும். பழைய ஷூ, பழைய பேக்கிங்கில் கல்நார் இருக்கலாம். காற்றடித்து ஊத வேண்டாம், நனைத்துத் துடையுங்கள்.

வடித்த ஆயிலை என்ன செய்வது?

பழைய எண்ணெய் சட்டப்படி அபாயக் கழிவு. 2016-ஆம் ஆண்டு விதிகள் அப்படித்தான் வகைப்படுத்துகின்றன. மூடியுள்ள கேனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். வேலிக் கட்டைக்குப் பூசுவது, கரையானுக்கு ஊற்றுவது, சாக்கடையில் விடுவது எதுவும் வேண்டாம். மலையில் ஊற்றுவது கீழே யாரோ குடிக்கும் ஊற்றில்தான் சேரும்.

வேலை முடிந்தது. சரியாகிவிட்டதா என்று எப்போது முடிவு செய்வது?

அன்றைக்கே வேண்டாம். மடிப்புகளில் தங்கிய பழைய ஆயில் சில நாள் இறங்கிக்கொண்டே இருக்கும்; துடைத்து விடுங்கள். இரண்டு வாரம் வழக்கம்போல் ஓட்டி, ஒரு ஏற்றமாவது நன்றாகச் சூடாகும்படி ஏறி இறங்கி, அதன்பின் மறுபடி அட்டையை விரியுங்கள். சக்கரங்களைக் குறித்து, தேதி எழுதி, பழைய அட்டையோடு ஒப்பிடுங்கள். ஒரு கசிவு நின்றதும், அதுவரை அதன் நிழலில் மறைந்திருந்த இன்னொன்று தெரியும். அது புதிதாக வந்ததல்ல. அதையும் மேலே சொன்ன அதே வரிசையில் பாருங்கள்: அளவு, பிரீதர், பிறகு சீல்.